படகுக்கு மேற்கூரை: எஞ்சினுக்கு வழி விட்டு அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

படகுக்குக் கூரை போடுவது பெரிய வித்தை இல்லை. நான்கு கால், இரண்டு நீட்டுப் பைப், சில குறுக்குப் பைப், மேலே ஒரு துணி. சிக்கல் தெரிவது எஞ்சினில் கை வைக்கும் நாளில்தான். எஞ்சினுக்கு மேலே தளத்தில் இருக்கும் திறப்பான ஹேட்ச்சின் மூடி முக்கால்வாசி திறந்து பின்காலில் முட்டி நிற்கும். ஆயில் ஃபில்டரைக் கழற்றப் போனால் சாய்வுப் பைப் முழங்கையைத் தடுக்கும். எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டிய நாள் வந்தால், ஆசையாகப் போட்ட கூரையை அறுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

அதனால் வேலையை எஞ்சினிலிருந்து தொடங்க வேண்டும். எஞ்சினும் அதில் வேலை செய்யும் ஆளும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இடம்தான் கூரையின் கால்களுக்கு.

கீழே வரும் அளவுகள் 6 முதல் 7 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகுக்கானவை. எஞ்சின் பின்பாதியில், தளத்துக்கு அடியில். கூரை 2.4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், தளத்திலிருந்து 195 செ.மீ. உயரம். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் உள்ளவர்களுக்குத் தனிப் பகுதி பின்னால் இருக்கிறது. ஆனால் துளை, போல்ட், துணி எல்லாம் அவர்களுக்கும் இதேதான்.

எஞ்சினுக்கு மூன்று வழி

எஞ்சினை அணுகுவது என்பது ஒரே வேலை அல்ல. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் ஆயில், கூலன்ட், பெல்ட் பார்க்க வேண்டும். அதற்கு ஹேட்ச் ஒரு கையால் முழுதாகத் திறந்து, தானாக நிற்க வேண்டும். சர்வீஸ் நாளில் ஃபில்டர், இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் சுழல் சக்கரம்), இன்ஜெக்டர் என்று பக்கவாட்டில் வேலை. அதற்கு ஓர் ஆள் மண்டியிட்டு உட்கார, ஹேட்ச் விளிம்புக்கும் காலுக்கும் நடுவில் 45 செ.மீ.யாவது வேண்டும். மூன்றாவது, பல வருடங்களுக்கு ஒருமுறை எஞ்சினை முழுதாக வெளியே எடுப்பது. பலரும் முதல் இரண்டை யோசிப்பார்கள், மூன்றாவதை விட்டுவிடுவார்கள். கூரையின் வடிவத்தைத் தீர்மானிப்பது அந்த மூன்றாவதுதான்.

முதலில் ஹேட்ச். கீலிலிருந்து எதிர் விளிம்பு வரை உள்ள நீளம்தான் அது சுழலும் ஆரம். 90 செ.மீ. மூடி நேராக நிமிர்ந்தால் உயரம் 90 செ.மீ.; கூரைக்கு ஆபத்தில்லை. ஆனால் பெரும்பாலான மூடிகள் 110 டிகிரி வரை சாயும்படி கேஸ் ஸ்ட்ரட் (மூடியைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு) வைத்திருப்பார்கள். அப்போது மூடியின் நுனி கீலைத் தாண்டி 31 செ.மீ. முன்னால் போகும். அந்த 31 செ.மீ.க்குள் சாய்வுப் பைப்போ சீட் முதுகோ வந்தால் மூடி முழுதாகத் திறக்கவே திறக்காது. பாதியில் நிற்கும் மூடி அலையில் படகு ஆடும்போது தலையில்தான் விழும். மூடியைத் திறந்து, இரு பக்கமும் அதன் நுனி எங்கெங்கு போகிறது என்று தளத்தில் மார்க்கர் டேப் ஒட்டுங்கள். டேப்புக்குள் எதுவும் வரக்கூடாது.

எஞ்சினைத் தூக்கும் கணக்கு இப்படி. எஞ்சின் உயரம் 75 செ.மீ., ஸ்லிங் என்னும் தூக்கு வார் 30, செயின் பிளாக்கின் உடலும் கொக்கிகளும் 35, அடியில் இடைவெளி 10. ஹேட்ச் விளிம்பு தளத்துக்கு மேல் 5 செ.மீ. எழும்பியிருக்கிறது. கூட்டினால் 155. 195 செ.மீ. கூரைக்குக் கீழேயே எஞ்சின் தளத்துக்கு மேல் வந்துவிடும் போலத் தோன்றும். ஏமாற வேண்டாம். எஞ்சின் படகின் பக்க விளிம்பைத் தாண்டி வெளியே போக வேண்டும். விளிம்பு தளத்திலிருந்து 70 செ.மீ. உயரம் என்றால் 70, 10, 75, 30, 35, மொத்தம் 220. கூரையை 25 செ.மீ. மீறுகிறது. ஆக, எஞ்சினுக்கு நேர் மேலே கூரை திறக்க வேண்டும், அல்லது கூரையே கழன்று வர வேண்டும். உங்கள் எஞ்சினின் அளவுகளைப் போட்டு இதே கூட்டலைச் செய்யுங்கள். கியர்பாக்ஸையும் சேர்த்த நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூரைச் சட்டத்திலேயே செயின் பிளாக் மாட்டிவிடலாமே என்ற யோசனை எப்படியும் வரும். வேண்டாம். 200 கிலோவை 2 மீட்டர் குறுக்குப் பைப்பின் நடுவில் தொங்கவிட்டால், அந்தப் பைப் வளையாமல் தாங்கக்கூடியதைப் போலப் பல மடங்கு சுமை. எஞ்சினைத் தூக்குவது கரையில் நிற்கும் கிரேனோ முக்காலியோதான். கூரையின் வேலை ஒதுங்கி வழிவிடுவது.

காற்று எவ்வளவு இழுக்கும்

கால்கள் சுமப்பது கூரையின் எடையைவிடக் காற்றின் இழுப்பைத்தான். படகு 15 நாட் வேகத்தில், 15 நாட் எதிர்காற்றில் போனால் கூரை சந்திப்பது 30 நாட் காற்று. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ அழுத்தம். 4.8 சதுர மீட்டர் கூரையில் அது 70 கிலோ வரை போகலாம். 40 நாட் ஆனால் 125 கிலோவுக்கு மேல். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. இதில் பெரும்பகுதி மேல்நோக்கித் தூக்கும் விசை. துணியின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட உயர்ந்திருந்தால் இன்னும் மோசம். கூரையை முன்பக்கம் 2 அல்லது 3 செ.மீ. தாழ்த்தி வையுங்கள். மர ஸ்குரூ போட்டு அடித்தட்டை இறுக்கிய கூரைகள் பிடுங்கிக்கொண்டு போவது இதனால்தான்.

வேண்டிய பொருள்கள்

316 தர ஸ்டெயின்லெஸ் பைப்பே எடுங்கள். 304 உப்புக் காற்றில் சீக்கிரமே பழுப்புக் கறை பிடிக்கும்.

கால்களுக்கு வெளிவிட்டம் 32 மி.மீ., சுவர் 1.5 மி.மீ. பைப், 6 மீட்டர் நீளத்தில் 2. ஒன்றில் மூன்று கால், மற்றொன்றில் ஒரு கால். மீதி கையிருப்பு.

மற்றதற்கு 25 மி.மீ. பைப், 6 மீட்டர் நீளத்தில் 3. ஒன்றில் 2.4 மீட்டர் நீட்டுப் பைப் இரண்டு. மற்ற இரண்டில் தலா 2.1 மீட்டர் குறுக்குப் பைப் இரண்டும் 80 செ.மீ. சாய்வுத் தாங்கு இரண்டும் வரும். சட்டத்தின் எடை சுமார் 24 கிலோ.

அடித்தட்டு 4, 100 மி.மீ. சதுரம், 5 மி.மீ. கனம், தலா நான்கு துளை. 8 மி.மீ. போல்ட் 16, நைலான் வளையம் வைத்த நட் 16, அகல வாஷர் 16. தளம் 20 மி.மீ. என்றால் போல்ட் 50 மி.மீ. நீளம்.

தளத்துக்கு அடியில் வைக்கும் தாங்கு தட்டு 4, 150 மி.மீ. சதுரம், 6 மி.மீ. கனம். கண்ணாடி இழை எபாக்ஸித் தகடாக இருந்தால் நல்லது. அலுமினியமும் தாங்கும், ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட் தொடும் இடத்தில் அரிக்கும்.

பந்துப் பூட்டுள்ள, கையாலேயே உருவ முடிகிற விரைவுப் பின், 8 மி.மீ. தடிமனில் 8. பின்கால்கள் இரண்டின் மேலும் கீழும் நான்கு, கழற்றும் குறுக்குப் பைப்புக்கு இரண்டு, கையிருப்பு இரண்டு. ஒவ்வொன்றும் வயரில் கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாத பின் படகின் அடிப்பள்ளமான பில்ஜுக்குள் விழும், அதுவும் கடலில் வைத்துத்தான் விழும்.

நூலிலேயே சாயம் ஏற்றிய அக்ரிலிக் கேன்வாஸ், 1.5 மீட்டர் அகலத்தில் 6 மீட்டர். 10-ஆம் எண் பிளாஸ்டிக் ஜிப் எட்டு மீட்டர். உலோக ஜிப் உப்பில் இறுகிவிடும். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் தையல் நூல், எபாக்ஸி, சிலிக்கா தூள், பாலியூரித்தேன் சீலன்ட். சீலன்டில், பின்னால் கழற்ற முடிகிற வகையையே வாங்குங்கள். ஒட்டினால் பிரியாத வகையைப் போட்டால், அடித்தட்டைக் கழற்றும் நாளில் ஃபைபரின் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட்டும் சேர்ந்து வரும்.

முதலில் ஒரு பொய்க் கூரை

பைப்பை வெட்டும் முன் பிவிசி குழாயும் கயிறும் வைத்து முழு அளவில் ஒரு மாதிரிச் சட்டம் கட்டுங்கள். பாதி நாள் வேலை. படகு தண்ணீரில் மிதந்தால் ரசமட்டம் பொய் சொல்லும். யாராவது ஒரு பக்கம் நகர்ந்தாலே குமிழி ஓடும். படகின் நடுக்கோட்டில் முன்னிருந்து பின்னுக்கு நூல் பிடித்து, அதிலிருந்து இரு பக்கமும் அளந்து கால்களைக் குறியுங்கள். பிறகு நான்கு கால்களின் மூலைக்கு மூலை அளவை ஒப்பிடுங்கள். இரண்டும் 5 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும்.

மாதிரி நிற்கும்போதே எஞ்சினில் செய்யும் எல்லா வேலையையும் ஒருமுறை செய்து பாருங்கள். பார்ப்பது மட்டும் போதாது, கருவியோடு. டிப்ஸ்டிக்கை முழு நீளம் உருவுங்கள். ஃபில்டர் ஸ்பேனரை மாட்டிச் சுற்றுங்கள். இம்பெல்லர் மூடியின் ஸ்குரூவுக்கு நேராக ஸ்குரூடிரைவர் பிடிக்க முடிகிறதா? எஞ்சின் அளவில் ஓர் அட்டைப்பெட்டி செய்து, இருவர் பிடித்து ஹேட்ச்சிலிருந்து மேலே தூக்கி, கூரைத் திறப்பு வழியாக வெளியே கொடுங்கள். பெட்டி எங்கு உரசுகிறதோ அங்கு எஞ்சினும் உரசும், கூடுதலாக 200 கிலோ எடையோடு. தீயணைப்பான் குழலை விட வைத்திருக்கும் சிறு துவாரத்தை, ஹேட்ச்சைத் திறக்காமலே எட்ட முடிகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

குறுக்குப் பைப்கள் நான்கும் முன்விளிம்பிலிருந்து 0, 80, 160, 240 செ.மீ.யில் வரட்டும். எஞ்சின் ஹேட்ச் இரண்டாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் விழும்படி கூரையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மூன்றாவது குறுக்கு மட்டும் கழற்றக்கூடியது. அதை எடுத்தால் 160 செ.மீ. நீளத் திறப்பு கிடைக்கும். இந்த அளவுப் படகின் எஞ்சின் கியர்பாக்ஸோடு அதில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் இடைவெளியை மாற்றுங்கள்.

ஹேட்ச் மூடியின் மேலோ, அதைச் சுற்றியுள்ள மழைநீர்க் கால்வாயின் மேலோ காலை ஊன்றாதீர்கள். அந்த விளிம்பு வளைந்தால் மழை நேராக ஆல்டர்னேட்டர் மேல் சொட்டும்.

துளையும் அடித்தட்டும்

கூரை பத்து வருடம் நிற்குமா, இரண்டே வருடத்தில் தளம் அழுகுமா என்பது இந்த 16 துளைகளில் இருக்கிறது. ஃபைபர் தளத்தின் நடுவில் பெரும்பாலும் பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். வெறுமனே துளைத்து போல்ட் போட்டால், சீலன்ட் என்றாவது விட்டுக்கொடுக்கும்; தண்ணீர் மரத்துக்குள் இறங்கி, வெளியே தெரியாமலே பரவும். மிதித்தால் மெத்தென்று இருப்பதுதான் முதல் அறிகுறி. அதற்குள் காலம் கடந்திருக்கும்.

துளைக்கும் முன் அடியில் கை விட்டு வயர், எரிபொருள் தொட்டி, குழாய் எங்கே என்று பாருங்கள். ட்ரில் பிட்டில் தேவையான ஆழத்தில் டேப் சுற்றுங்கள். முதலில் 14 மி.மீ. பிட்டால் மேல் தோலையும் நடு மரத்தையும் மட்டும் துளையுங்கள். கீழ்த் தோலை விட்டுவிடுங்கள். தூளை உறிஞ்சி எடுத்து, மரம் ஈரமாக இருந்தால் முழுதும் காயும் வரை நிறுத்துங்கள். ஈர மரத்தில் எபாக்ஸி ஒட்டாது. பிறகு தூள் கலக்காத எபாக்ஸியைத் துளையின் சுவரில் தடவி மரத்தைக் குடிக்க விடுங்கள். சில நிமிடம் கழித்து, சிலிக்கா கலந்து தேன்குழல் மாவுப் பதத்தில் கெட்டியாக்கிய எபாக்ஸியை அடியிலிருந்து மேலாக நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்றுக்குமிழி தங்கும். ஒரு நாள் இறுகட்டும். அதன் நடுவில் 8.5 மி.மீ. பிட்டால் கீழ்த் தோலையும் சேர்த்துத் துளைத்தால், போல்ட்டைச் சுற்றி இப்போது மரமே இல்லை. தண்ணீர் இறங்கினாலும் அழுக எதுவும் இல்லை.

துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாகச் சீவிவிடுங்கள். சீலன்ட் அந்தப் பள்ளத்தில் வளையம் போல் தங்கும். அடித்தட்டின் அடியில் தாராளமாகச் சீலன்ட் பூசி, போல்ட்டை மேலிருந்து விட்டு, அடியில் தாங்கு தட்டு, வாஷர், நட். முதல் நாள் சீலன்ட் எல்லாப் பக்கமும் பிதுங்கும் அளவு மட்டும் இறுக்குங்கள். முழுதாக இறுக்கினால் அவ்வளவு சீலன்டும் வெளியே வந்துவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. அது இறுகிய பிறகு நட்டை மட்டும் திருப்பி முடியுங்கள். போல்ட் தலையை ஸ்பேனரால் அசையாமல் பிடிக்க வேண்டும், அது திரும்பினால் அடைத்ததெல்லாம் கிழியும்.

ஸ்டெயின்லெஸ் நட்டை மெஷினால் வேகமாக முடுக்கினால் பாதியிலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். முன்னும் போகாது, பின்னும் வராது. மறையில் ஆன்டி சீஸ் பசை தடவி, கையால் மெதுவாகத் திருப்புங்கள்.

படகின் உடல் அலுமினியம் என்றால் அடித்தட்டுக்கும் உடலுக்கும் நடுவில் நைலான் தகடும், போல்ட்டுக்கு நைலான் உறையும் போட்டே ஆக வேண்டும். மரப் படகில் பலகையை மட்டும் நம்பாமல் அடியில் உள்ள சட்ட மரத்தில் பிடியுங்கள்.

சட்டத்தைச் சேர்ப்பது

முன்கால்கள் இரண்டும் கீல் வைத்த அடித்தட்டில் நிற்கட்டும். பின்கால்கள் விரைவுப் பின்னில். பின்கால் மேலும் கீழும் பின்னை உருவினால் முழுக் கூரையும் முன்பக்கம் சாயும். எஞ்சின் எடுக்கும் நாளில் அறுக்க வேண்டியதில்லை. சாயும் வழியில் கண்ணாடியோ கைப்பிடிக் கம்பியோ குறுக்கிட்டால், முன்காலுக்கும் விரைவுப் பின் போட்டு மொத்தமாகத் தூக்கி எடுங்கள். சாய்வுத் தாங்குகளைப் பின்காலில் வைக்காமல், நான்கையும் முன்கால்களுக்கே முன்னும் பின்னுமாகக் கொடுங்கள். ஹேட்ச் பக்கம் காலியாக இருக்கும்.

குறுக்குப் பைப்களின் நடுவில் 8 முதல் 10 செ.மீ. வளைவு வேண்டும். தட்டையான கூரையில் மழை குளம் கட்டும். ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. தண்ணீர் நின்றாலே 50 கிலோ. மூன்றாவது குறுக்கின் இரு முனையும் நீட்டுப் பைப்பில் வெல்டிங் செய்த ஸ்லீவுக்குள் (சிறு குழாய் உறை) இறங்கி, விரைவுப் பின் போட்டுப் பூட்டப்படும். ஸ்லீவுக்கும் பைப்புக்கும் நடுவில் அரை மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். அதைவிட லூசாக இருந்தால் எஞ்சின் ஓடும்போது கடகடவென்று ஆடும். மெல்லிய நைலான் வளையம் செருகினால் அடங்கும். வெல்டிங் செய்த இடத்தின் கருநீலக் கறையை ஆசிட் பேஸ்ட் போட்டுச் சுத்தம் செய்யாமல் விட்டால் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

துணி

இரண்டு துண்டு. முன்துண்டு முதல் குறுக்கிலிருந்து இரண்டாவது வரை, நிரந்தரம். பின்துண்டு இரண்டாவதிலிருந்து நான்காவது வரை, ஜிப்பில் கழன்று வருவது. ஜிப்பின் மேல் 12 செ.மீ. மடிப்பு வேண்டும், அது முன்துண்டில் தைக்கப்பட்டுப் பின்னோக்கிப் படிய வேண்டும். தலைகீழாகத் தைத்தால் எதிர்காற்று மடிப்பைத் தூக்கி, தண்ணீரை ஜிப் வழியாக உள்ளே அனுப்பும்.

துணியை வெட்டும் முன் சட்டம் இறுதி இடத்தில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அக்ரிலிக் நனைந்தால் கொஞ்சம் தளரும், காய்ந்தால் இறுகும். தைத்த அன்றைக்கே ஜிப் இழுத்துப் பிடித்துத்தான் மூடுகிறது என்றால், வெயிலில் ஒரு மாதம் கழித்து மூடவே மூடாது. துணி கிழிவதற்கு முன் தையல் நூல் போகும். வருடம் ஒருமுறை தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் மறுதையல் நேரம்.

வயரும் விளக்கும்

கூரையில் ஏறும் வயர் எல்லாம் காலின் அடியில் நீர்புகாத பிளக்கில் முடிய வேண்டும். நேராக இழுத்து இணைத்தால், கூரையைச் சாய்க்கும் நாளில் வயரை வெட்டுவீர்கள். சர்வதேசக் கடல்வழி விதிப்படி, 12 மீட்டருக்குக் குறைந்த படகின் வெள்ளைச் சுற்றொளி விளக்கு பச்சை, சிவப்புப் பக்க விளக்குகளைவிட 1 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். பழைய விளக்கு புதுக் கூரையின் அடியில் மாட்டிக்கொண்டால் அதைக் கூரைக்கு மேல் ஏற்றுங்கள்.

புகையும் ஆவியும்

கூரை மட்டும் இருக்கும் வரை காற்று ஓடும். பக்கத் திரையும் சேர்த்தால் கதை மாறும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பில்ஜில் போய்த் தங்கும். படகுக்குள் இருக்கும் பெட்ரோல் எஞ்சின் (இன்போர்டு) என்றால் ஸ்டார்ட் செய்யும் முன் ஹேட்ச்சைத் திறந்து முகர்ந்து, ஆவியை வெளியேற்றும் விசிறியான ப்ளோயரை 4 நிமிடம் ஓடவிடுங்கள். எஞ்சின் அறையின் காற்றுத் துவாரங்களைத் திரை மூடக்கூடாது; மூடினால் எஞ்சின் திணறும், ஆவியும் வெளியேறாது.

முன்திரையைப் போட்டுப் பின்பக்கத்தைத் திறந்துவைத்து ஓட்டினால், படகின் பின்னால் உருவாகும் வெற்றிடம் புகையை உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கும், கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவார்கள். முன்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தால் ஓட்டம் மாறும், அலாரமும் மாட்டுங்கள்.

நிமிர்ந்து நிற்கும் உலர் புகைக்குழாய் உள்ள டீசல் படகில், குழாய் கூரைக்கு மேலே போய்த்தான் முடிய வேண்டும். துணியைக் குழாயில் ஒட்டித் தைக்காமல், நடுவில் உலோகத் தகடு வைத்து இடைவெளி விடுங்கள்.

அவுட்போர்டு இருந்தால்

இங்கே ஹேட்ச் இல்லை. மோட்டார் தலைதான் அசைகிறது. முழுதாகத் தூக்கி, அந்த நிலையிலேயே இடமும் வலமும் கடைசி வரை திருப்பி, தலை எவ்வளவு முன்னால் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். நேராக வைத்துத் தூக்கிப் பார்த்தால் சரியாக இருக்கும், திருப்பித் தூக்கினால் பின்காலில் இடிக்கும். மேல்மூடியைக் கழற்றித் தூக்கவும் தனியாக உயரம் வேண்டும்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மோட்டாரில் இன்னொன்று உண்டு. இழுக்கும் கை முன்னோக்கி முழு வீச்சில் வரும். பின்கால் அந்த வீச்சுக்குள் நின்றால் விரல் முட்டி ஒவ்வொரு நாளும் பைப்பில் மோதும். மாதிரிச் சட்டத்தோடு பத்து முறை இழுத்துப் பாருங்கள். கூரையின் பின்விளிம்பைப் பிடிக்கும் பட்டை வார்களைப் படகின் பின்மூலையில் கொக்கி போட்டுக் கழற்றும்படி வையுங்கள். வாரைக் கழற்றியதும் கூரை தொங்கக்கூடாது. தொங்கினால் வாருக்குப் பதில் இரண்டு நிலையான கால்.

கடைசிச் சோதனை

கரையிலேயே, இருவர், ஒரு ஸ்பேனர். ஜிப்பைத் திறந்து, பின்துண்டைச் சுருட்டி, மூன்றாவது குறுக்கை எடுத்து, பின்கால் பின்களை உருவி, கூரையை முன்னால் சாயுங்கள். அரை மணிக்குள் முடியாவிட்டால் எங்கே சிக்குகிறது என்று பார்த்துத் திருத்துங்கள். திரும்ப மாட்டும்போது எந்தக் கால் எந்தப் பக்கம் என்று பைப்பின் உள்பக்கம் எண் பொறித்துவிடுங்கள். பிறகு தண்ணீரில் பாதி வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி, 16 நட்டையும் மறுபடி சோதியுங்கள். அடித்தட்டைச் சுற்றி ஜெல்கோட்டில் சிலந்திவலை போல விரிசல் தெரிந்தால் அந்தக் காலுக்கு அடியில் தாங்கு தட்டு சரியாகப் படியவில்லை, கழற்றி எபாக்ஸி பூசிச் சமப்படுத்த வேண்டும்.